மூலிகை பரு ஜெல் ப்ராஜெக்ட்: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்களும் பதில்களும்

பி.பார்ம் கடைசி வருஷம் வந்தா ஒவ்வொரு காலேஜ்லயும் ரெண்டு மூணு பேட்ச்சாவது மூலிகை பரு ஜெல் தான் எடுக்குறாங்க. நல்ல டாபிக் தான், செலவு கம்மி, கையில கிடைக்கிற செடி, முகப்பரு இல்லாத ஹாஸ்டலும் இல்ல. ஜூனியர் பசங்களுக்கு லேப்ல கூட நின்னு உதவி பண்றப்போ ஒரே சந்தேகம் வருஷா வருஷம் வருது, அதனால ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். நடுவுல ஃபார்மசி படிக்காதவங்க கேட்டதும் இருக்கு.

அக்கா, வேப்பிலைய அரைச்சு பூசினாலே பரு போயிடும்னு எங்க பாட்டி சொல்றாங்க, அப்புறம் எதுக்கு ஜெல்லு எல்லாம்?

பாட்டி சொல்றதுல ஒரு ஆரம்பம் இருக்கு, அத தூக்கிப் போட வேண்டாம். ஆனா அரைச்ச இலையில எவ்வளவு மருந்து சத்து இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கொழுந்துல ஒண்ணு முத்தின இலையில ஒண்ணு, மழைக்காலத்துல ஒண்ணு வெயில் காலத்துல ஒண்ணுன்னு மாறும். இலை மேல இருக்கிற தூசி, மண்ணு, கிருமி எல்லாம் சேர்ந்து தான் அரைபடுது, அத ஏற்கனவே உடைஞ்சிருக்கிற பரு மேல வைக்கிறோம். சாயங்காலத்துக்குள்ள அது புளிச்சும் போயிடும்.

ஜெல்லா பண்றது எதுக்குன்னா ஒவ்வொரு தடவையும் அதே அளவு மருந்து தோல்ல படணும், கிருமி இல்லாம இருக்கணும், மாசக்கணக்குல கெடாம இருக்கணும். எண்ணெய் இல்லாத தண்ணி பேஸ் அப்படிங்கறதால ஏற்கனவே எண்ணெய் வடியுற முகத்துக்கு க்ரீம், ஆயின்ட்மென்ட் விட ஜெல் பொருத்தம், கழுவினா உடனே போயிடும்.

பரு வர்றதுக்கு அந்த பாக்டீரியா தானே காரணம்? அத கொன்னுட்டா முடிஞ்சுது இல்ல?

இல்ல. இத புரிஞ்சிக்கிட்டா ப்ராஜெக்ட்ல பாதி குழப்பம் தீந்துடும். பரு வர நாலு விஷயம் சேரணும்: எண்ணெய்ச் சுரப்பி அதிகமா சுரக்குறது, மயிர்க்கால் வாய்ல தோல் செல் உதிராம அடைச்சுக்கிறது, உள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் பெருகுறது, அப்புறம் வீக்கம். அந்த பாக்டீரியாவுக்கு பழைய பேரு ப்ரோப்பியானிபாக்டீரியம் ஆக்னஸ், 2016ல பேர மாத்தினாங்க, பழைய பேப்பர் படிச்சா குழம்பாதீங்க ரெண்டும் ஒண்ணு தான். பரு இல்லாத முகத்துலயும் அது இருக்கும்.

அதனால பாக்டீரியாவ தடுக்குற செடி அப்படின்னா அது நாலுல ஒண்ண தொட்டிருக்கு, அவ்வளவு தான். பெட்ரி ப்ளேட்ல பாக்டீரியா செத்தா பரு குணமாச்சுன்னு அர்த்தம் கிடையாது. இந்த ஒரு வரிய மனசுல வச்சுக்கிட்டு தான் கீழ இருக்கிற எல்லா பதிலயும் எழுதியிருக்கேன்.

வேம்பு, துளசி, மஞ்சள், கற்றாழை, அதிமதுரம் எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லா வேலை செய்யும் தானே மேம்?

அஞ்சு செடி போட்ட ஜெல் வேலை செஞ்சா எது வேலை செஞ்சுதுன்னு சொல்லுங்க பாப்போம்? யாருக்கோ அரிச்சா எதனால அரிச்சுது? ரெண்டுக்கும் பதில் இருக்காது. போஸ்டர்ல அஞ்சு செடி படம் அழகா இருக்கும், வைவால முதல் கேள்வியிலயே மாட்டுவீங்க.

ஒரு செடிய எடுங்க, ஒழுங்கா பண்ணுங்க. ரெண்டு எடுத்தே ஆகணும்னா ஒண்ணு தனியா, இன்னொண்ணு தனியா, ரெண்டும் சேர்த்துன்னு மூணையும் டெஸ்ட் பண்ணனும். சேர்ந்தா வீரியம் கூடுதுன்னு எழுதணும்னா ரெண்டையும் வேற வேற அளவுல கலந்து பாக்குற செக்கர்போர்டு முறையில, கூட்டு வலுவ காட்டுற எஃப்ஐசி இண்டெக்ஸ் 0.5 அல்லது அதுக்கு கீழ வரணும், ப்ளேட்ல மருந்தச் சுத்தி கிருமி வளராத வட்டம், அதாவது ஸோன், ரெண்டு மில்லிமீட்டர் பெருசாச்சுன்னு சினர்ஜின்னு எழுதக்கூடாது. வேம்பையே திரும்ப எடுக்கணும்னும் இல்ல. நம்ம ஊர்ல தோலுக்கு வழக்கமா போடுற குப்பைமேனி, சீமை அகத்தி, பருவுக்குன்னே கசக்கிப் பூசுற திருநீற்றுப்பச்சிலை இதெல்லாம் இருக்கு, எனக்கு கேட்டா திருநீற்றுப்பச்சிலைய தான் எடுக்கச் சொல்வேன்.

வேப்ப மரம் எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் போய் அத்தாட்சி வாங்கணுமா?

வாங்கணும். வேம்பும் மலைவேம்பும் வேற வேற, காய்ஞ்ச பொடியா கைக்கு வந்தா கண்ணால பிரிக்க முடியாது. கீழாநெல்லின்னு பறிக்கிற இடத்துல அதே குடும்பத்து வேற செடி சேர்ந்து வர்றது சர்வ சாதாரணம். நாட்டு மருந்து கடையில பொடியா வாங்கிட்டு வந்து இது என்ன செடின்னு கேட்டா தாவரவியல் ஆளுங்களாலயும் சொல்ல முடியாது.

பூவும் காயும் இருக்கிற கிளைய பறிச்சு, நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு அழுத்திக் காயவச்சு, பறிச்ச இடம், தேதி எழுதி அனுப்புங்க. கோயம்புத்தூர்ல இந்திய தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தோட (பிஎஸ்ஐ) தென்மண்டல மையம் இருக்கு, திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல காய்ஞ்ச செடி மாதிரிகள சேர்த்து வைக்கிற ராபினட் ஹெர்பேரியம் இருக்கு, நம்ம பக்கத்து பசங்க பெரும்பாலும் இந்த ரெண்டுக்கும் தான் போறாங்க. செடி பூக்குற சீசன் தாண்டிடும், அதனால டாபிக் முடிவான வாரமே இத முடிச்சிடுங்க.

தண்ணியில எடுக்கவா, எத்தனால்லயா, மெத்தனால்லயா? சாக்ஸ்லெட்டா ஊறல் போடவா?

நீங்க தேடுற பொருள் எதுல கரையும்னு முதல்ல பாருங்க. குர்குமின் தண்ணியில கரையவே கரையாது, அத தண்ணியில கொதிக்க வச்சு மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட்னு சொல்றதுல பயன் இல்ல. ஃபீனாலிக்ஸ், ஃப்ளேவனாய்டு பெரும்பாலும் தண்ணி கலந்த எத்தனால்ல நல்லா வரும். துளசி, திருநீற்றுப்பச்சிலை மாதிரி வாசனைச் செடிக்கு எண்ணெய் தான் முக்கியம்னா ஆவியில வடிக்கணும், அத சாக்ஸ்லெட்ல போட்டு மணிக்கணக்கா சூடு காட்டினா வாசனை பறந்துடும், ஊறல் தான் நல்லது. இலைய நிழல்ல காயப் போடுங்க.

முகத்துல பூசப் போற பொருள், அதனால மெத்தனால தவிர்க்கலாம்னு நான் சொல்வேன். மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐசிஹெச்சோட வழிகாட்டுதல்ல மெத்தனால் ரெண்டாம் வகை கரைப்பான், மிச்சம் 3000 பிபிஎம் தாண்டக் கூடாது, அத அளக்க கேஸ் குரோமட்டோகிராஃபி வேணும். எத்தனால் மூணாம் வகை, அபாயம் கம்மி. எக்ஸ்ட்ராக்ட்ல எவ்வளவு சத்து இருக்குன்னு ஒரு நம்பர் கட்டாயம் வேணும், மொத்த ஃபீனாலாவது ஃபோலின் முறையில 765 நானோமீட்டர்ல பாத்து காலிக் அமிலக் கணக்குல எழுதி வைங்க, பின்னாடி ஸ்டெபிலிட்டில இது தான் கை கொடுக்கும்.

கார்போபால் போட்டா கட்டி கட்டியா நிக்குது, என்ன பண்ணினாலும் கரைய மாட்டேங்குது

கார்போபால் தான் ஜெல்ல கெட்டியாக்குற பாலிமர் பொடி, அத மொத்தமா கொட்டியிருப்பீங்க. தண்ணிய கலக்கிக்கிட்டே மேலாப்புல கொஞ்சம் கொஞ்சமா தூவணும், அப்புறம் ராத்திரி முழுக்க மூடி ஊற விடணும். மறுநாள் பாத்தா கட்டி இருக்காது, கலங்கலா ஒரு திரவமா இருக்கும், அது கெட்டியாகலன்னு பதறி இன்னும் கார்போபால் போடாதீங்க. ட்ரையெத்தனோலமைன்ங்கற காரத்த சொட்டு சொட்டா விடும்போது தான் அது ஜெல் ஆகும், ஏன்னா அமிலத்தன்மை குறையும்போது அந்த பாலிமர் சங்கிலி ஒண்ண ஒண்ணு தள்ளி விரிஞ்சு தண்ணிய பிடிச்சுக்குது. அந்த நேரத்துல வேகமா சுத்தினா காத்துக்குமிழ் உள்ள மாட்டிக்கும், மெதுவா கலக்குங்க.

அளவு பொதுவா 0.5லருந்து 2 சதவீதம், முகத்துக்கு 1 சதவீதமே தாராளம்.

பேஸ் சூப்பரா வந்துச்சு, எக்ஸ்ட்ராக்ட் ஊத்தினதும் தண்ணியா போயிடுச்சு அண்ணி, என்ன தப்பு பண்ணினோம்?

நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல, செடியில உப்பு இருக்கு. கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் தண்ணி எக்ஸ்ட்ராக்ட்லயும் கற்றாழைச் சாறுலயும் நெறைய வரும், மேல சொன்ன அந்த சங்கிலி விரியிறது மின்னூட்டத்தால தான், உப்பு வந்தா அந்த மின்னூட்டத்த மறைச்சிடும், சங்கிலி சுருங்கிடும், பிடிச்ச தண்ணிய விட்டுடும். எக்ஸ்ட்ராக்ட் அமிலமா இருந்தா பிஎச்சும் சேர்ந்து இறங்கும், அப்பவும் இதே தான் நடக்கும்.

முதல்ல பிஎச் பாருங்க, இறங்கியிருந்தா ட்ரையெத்தனோலமைன் கொஞ்சம் விட்டாலே திரும்ப இறுகும். பிஎச் சரியா இருந்தும் தண்ணியா இருந்தா உப்பு தான் காரணம், அப்போ எத்தனால் அதிகமா இருக்கிற எக்ஸ்ட்ராக்ட்டுக்கு மாறுங்க, இல்லன்னா உப்பு அவ்வளவா பாதிக்காத எச்பிஎம்சி அல்லது சாந்தன் கம்முக்கு மாறுங்க. கார்போபாலயே அதிகமாக்கி அதிகமாக்கி சமாளிச்சா முகத்துல காஞ்சதும் பிசுக்கா உரியும்.

மஞ்சள் ஜெல் பண்ணினோம், செங்கல் கலர் ஆயிடுச்சு

ட்ரையெத்தனோலமைன் கூடிப்போச்சு. குர்குமின் காரத்துல சிவந்துடும், சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்தா ஆரத்தி சிவக்குறது இதனால தான். கலர் மட்டும் இல்ல, காரத்துல குர்குமின் வேகமா சிதைஞ்சே போயிடும், வெளிச்சமும் ஆகாது. பிஎச் 6 பக்கம் நிறுத்துங்க, அம்பர் பாட்டில் இல்லன்னா அலுமினிய ட்யூப்ல அடைங்க. முகம் மஞ்சளாகும், தலையணை உறை கறையாகும்ங்கற புகாரையும் யோசிச்சுக்கோங்க, பாதி பேர் பூசுறத நிறுத்துறதே அதுக்காகத் தான்.

கார்போபால், பாரபென் எல்லாம் செயற்கை தானே? அப்போ இத மூலிகை ஜெல்னு சொல்றது ஏமாத்து வேலை இல்லையா?

நியாயமான கேள்வி. மருந்துப் பொருள் செடியில இருந்து வந்தா மூலிகை ஜெல்னு சொல்றது வழக்கம், ஆனா நூறு சதவீதம் இயற்கைன்னு லேபிள்ல போட்டா அது பொய். முழுக்க செடியில இருந்தே வேணும்னா குவார் கம் இருக்கு, சாந்தன் கம் கிருமி நொதிச்சு தர்றது அதுவும் பரவாயில்ல. அதெல்லாம் கார்போபால் மாதிரி கண்ணாடியா இருக்காது, அவ்வளவு தான்.

ப்ரிசர்வேட்டிவ மட்டும் விட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். தண்ணியும் செடிச்சாறும் இருக்கிற ஜெல் பூஞ்சைக்கு விருந்து. மெத்தில் பாரபென் 0.18, ப்ரொப்பில் பாரபென் 0.02 சதவீதம்ங்கறது வழக்கமான கூட்டு, பாரபென் வேண்டாம்னா சோடியம் பென்சோயேட்டோ ஃபீனாக்ஸி எத்தனாலோ போடுங்க. பென்சோயேட் அமிலத்துல தான் வேலை செய்யும், பிஎச் 5க்கு மேல போனா வலு கொறஞ்சிடும், அதையும் பாத்துக்கோங்க.

பிஎச், விஸ்காசிட்டி, ஸ்ப்ரெட்டபிலிட்டி, வாஷபிலிட்டி எல்லாம் டேபிள்ல போட்டாச்சு, டெஸ்டிங் முடிஞ்சுதா?

அது ஜெல் ஒழுங்கான ஜெல்லான்னு பாக்குற டெஸ்ட், மருந்தான்னு பாக்குறது இல்ல. பிஎச் 5.5லருந்து 6.5க்குள்ள இருந்தா தோலுக்கு ஒத்துப் போகும். விஸ்காசிட்டிய ப்ரூக்ஃபீல்டுல பாக்கும்போது எந்த ஸ்பிண்டில், எத்தன ஆர்பிஎம், எத்தன டிகிரின்னு எழுதலன்னா அந்த நம்பருக்கு மதிப்பே இல்ல. இதோட மருந்து அளவு ட்யூப்ல மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னும், ஃபிரான்ஸ் செல்ங்கற சவ்வு வச்ச கண்ணாடிக் கருவியில மருந்து ஜெல்ல விட்டு வெளிய வருதான்னும் பாருங்க. ஜெல்லுக்குள்ளயே மாட்டிக்கிட்டா எவ்வளவு நல்ல செடியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

எங்க ஜெல்லுக்கு ஸோன் 22 மில்லிமீட்டர், கிளிண்டாமைசின் டிஸ்க்குக்கு 24. கிட்டத்தட்ட சமம்னு கன்க்ளூஷன்ல எழுதலாம் தானே?

எழுதாதீங்க. நான் பாத்த ப்ராஜெக்ட் புக்ல பெரும்பாலானது சறுக்குற இடம் இது தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். கிளிண்டாமைசின்ங்கறது பருவுக்கு குடுக்குற ஆன்டிபயாட்டிக், அதோட டிஸ்க்ல இருக்கிறது 2 மைக்ரோகிராம். நீங்க மில்லிக்கு 100 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட்ட 100 மைக்ரோலிட்டர், அகார்ல தோண்டின குழியில, அதாவது வெல்ல, ஊத்தினா உள்ள போனது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். ஐயாயிரம் மடங்கு ஊத்தி அவ்வளவு ஸோன் வந்திருக்கு, இதுக்கு பேரு சமம் இல்ல. அதோட ஸோன் அளவு ரெண்டு விஷயத்த சேர்த்துக் காட்டுது, ஒண்ணு கிருமிய கொல்ற வலு, இன்னொண்ணு அகார்ல எவ்வளவு தூரம் பரவும்ங்கறது. குர்குமின், எண்ணெய் இதெல்லாம் அகார்ல சரியா பரவாது, வலு இருந்தும் ஸோன் சின்னதா வரும். தண்ணியில கரையிற சாதாரணப் பொருள் பெருசா காட்டும்.

அடுத்தது கன்ட்ரோல். அதே ப்ளேட்ல மருந்து இல்லாத வெறும் ஜெல் பேஸுக்கு ஒரு வெல், எக்ஸ்ட்ராக்ட் கரைச்ச டிஎம்எஸ்ஓ அல்லது எத்தனாலுக்கு ஒரு வெல் கட்டாயம் வேணும். பேஸ்ல பாரபென் இருக்கு, அதுவே கிருமிய தடுக்குற பொருள், ப்ரொப்பிலீன் க்ளைக்காலும் கொஞ்சம் தடுக்கும். வெறும் பேஸே 15 காட்டுச்சுன்னா உங்க 22ல செடியோட பங்கு எவ்வளவு? கன்ட்ரோல் இல்லாத ப்ளேட் எவ்வளவு அழகா ஃபோட்டோ எடுத்தாலும் ஒண்ணத்தையும் நிரூபிக்காது, இத நான் கோவமா சொல்லல அக்கறையா சொல்றேன், ஆறு மாச உழைப்பு ஒரு வெல் விட்டதால வீணாப் போறத பாக்க மனசு கேக்காது.

முடிஞ்சா ப்ராத் டைல்யூஷன்ல எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சிய தடுக்குற மிகக் குறைஞ்ச அளவு, பாத்துடுங்க. அது மில்லிக்கு இத்தன மைக்ரோகிராம்னு நேரடியா நம்பர் தரும், வேற லேப் நம்பரோட ஒப்பிடலாம், ஜெல்ல எவ்வளவு எக்ஸ்ட்ராக்ட் போடணும்னு முடிவு பண்ணவும் உதவும். சும்மா 1, 2, 3 சதவீதம்னு மூணு ஃபார்முலா போட்டு எது நல்லதுன்னு தேடுறத விட எம்ஐசியில இருந்து கணக்கு போட்டு பல மடங்கு மேல வைக்கிறது தான் முறை.

எங்க லேப்ல அனேரோபிக் ஜார் இல்ல, ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் வச்சு பண்ணிடலாமா? இல்ல மெழுகுவர்த்தி வச்சு மூடினா போதுமா?

மெழுகுவர்த்தி ஜார்ல ஆக்சிஜன் முழுசா போகாது, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடும், அவ்வளவு தான், அது அனேரோபிக், அதாவது ஆக்சிஜனே இல்லாத நிலை, இல்ல. ஆக்னஸுக்கு ஆக்சிஜன நீக்குற கேஸ் பாக் போட்ட ஜார், ப்ரெய்ன் ஹார்ட் இன்ஃப்யூஷன் மாதிரி சத்தான மீடியா, 37 டிகிரில 48லருந்து 72 மணி நேரம் வேணும். 24 மணி நேரத்துல காடா வளர்ந்து நின்னா அது ஆக்னஸ் இல்ல, வேற ஏதோ உள்ள புகுந்திருக்கு, க்ராம் ஸ்டெயின் போட்டு பாருங்க. ஸ்ட்ரெய்ன் சண்டிகர்ல இருக்கிற எம்டிசிசிங்கற கிருமி சேகரிப்பு மையத்துல காசு கட்டி வாங்கலாம்.

வசதி இல்லன்னா ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஆரியஸ் வச்சு பண்றது குத்தமில்ல. ஆனா தலைப்புலயும் முடிவுலயும் அத நேரா சொல்லுங்க, ஆக்னஸ டெஸ்டே பண்ணாம பரு பாக்டீரியாவ தடுக்குதுன்னு எழுதாதீங்க. ஃபிரண்டு முகத்துப் பருவ கிள்ளி சீழ் எடுத்து வளர்க்குறதும் வேண்டாம், அதுக்கு எத்திக்ஸ் அனுமதி வேணும், என்ன கிருமி வளருதுன்னே தெரியாம வளர்க்குறதும் ஆபத்து.

முயல் மேல இரிட்டேஷன் டெஸ்ட் பண்ணனுமா?

காஸ்மெட்டிக்னு வச்சா பண்ணவே கூடாது, இந்தியாவுல 2014லருந்து காஸ்மெட்டிக்க மிருகத்து மேல டெஸ்ட் பண்ண தடை. மருந்துன்னு வச்சு ஆராய்ச்சி பண்றீங்கன்னா காலேஜ் விலங்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும். அதுக்கு முன்னாடி கோழி முட்டை சவ்வுல பாக்குற ஹெட்கேம் முறை இருக்கு, இளங்கலை ப்ராஜெக்ட்டுக்கு அதுவே போதும்னு நினைக்கிறேன். மனுஷங்க மேல பேட்ச் டெஸ்ட்டுக்கு பிஐஎஸ் தரநிலை ஐஎஸ் 4011 இருக்கு, அதுக்கும் எத்திக்ஸ் அனுமதி உண்டு.

ஹாஸ்டல்ல பத்து பேர் மூணு வாரம் தடவினாங்க, எட்டு பேருக்கு குறைஞ்சுது, இத ரிசல்ட்ல சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது, சொல்லப் போனா அனுமதி இல்லாம அத செஞ்சிருக்கவே கூடாது. மனுஷங்க மேல சோதனைன்னா நிறுவன எத்திக்ஸ் கமிட்டி, கையெழுத்து போட்ட சம்மதம், இந்தியாவோட மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐல பதிவு எல்லாம் வேணும். அந்தப் பதிவு 2009 ஜூன்லருந்து கட்டாயம்.

அனுமதி இருந்தாலும் அந்த எட்டு பேர் கணக்கு நிக்காது. பரு தானா ஏறும் இறங்கும், பொண்ணுங்களுக்கு மாதவிடாய் தேதியப் பொறுத்து மாறும், செமஸ்டர் முடிஞ்சா தூக்கம் சரியாகும், ஜெல் பூசணும்னு தினம் ரெண்டு வேளை முகம் கழுவுறதே ஒரு மாற்றம். வெறும் பேஸ் பூசினவங்களுக்கும் பரு குறையிறத பெரிய ட்ரையல்கள்ல தொடர்ந்து பாத்திருக்காங்க. அதனால தான் ப்ளேட்டுக்கு சொன்ன அதே வெறும் பேஸ் கன்ட்ரோல் இங்கயும் வேணும், யாருக்கு எத பூசினாங்கன்னு பருவ எண்ணுறவங்களுக்கு தெரியக்கூடாது, காமெடோன் (அடைச்ச கரும்புள்ளி, வெண்புள்ளி), சிவப்பு பரு, சீழ் பரு தனித்தனியா எண்ணனும், பொதுவா 12 வாரம் ஓடணும்.

செடியில இருந்து வந்ததுல இத ஓரளவு ஒழுங்கா பண்ணினது டீ ட்ரீ ஆயில், ஒரு ஆஸ்திரேலிய மரத்து இலையில வடிக்கிற எண்ணெய். ஆஸ்திரேலியாவுல 1990ல 124 பேர் வச்சு 5 சதவீத டீ ட்ரீ ஜெல்ல 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோட ஒப்பிட்டாங்க, ரெண்டுமே பருவ குறைச்சுது, டீ ட்ரீ மெதுவா வேலை செஞ்சுது, எரிச்சல் கம்மி. ஆனா அதுல வெறும் பேஸ் குரூப் கிடையாது. 2007ல ஈரான்ல 60 பேர் வச்சு 45 நாள் ப்ளாசிபோ, அதாவது மருந்து இல்லாத ஜெல்லோட ஒப்பிட்டு அந்தக் குறைய நிரப்பினாங்க, டீ ட்ரீ தான் முன்னாடி நின்னுச்சு. இந்த ரெண்டையும் வரிசையா படிச்சா கன்ட்ரோல் எதுக்குன்னு நான் சொல்லாமலே புரியும்.

ஸ்டெபிலிட்டிக்கு ஒரு மாசம் ரூம்ல வச்சா போதும்ல?

ஐசிஹெச் படி ஆக்சிலரேட்டட்னா 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், 6 மாசம். காலேஜ்ல அவ்வளவு நேரம் இருக்காது, 3 மாசம் வச்சா 3 மாசம்னு எழுதுங்க, அதுல இருந்து ரெண்டு வருஷம் கெடாதுன்னு கணக்கு போடாதீங்க. கலர், வாசனை, பிஎச் மட்டும் இல்லாம எக்ஸ்ட்ராக்ட் கேள்வியில சொன்ன அந்த ஃபீனால் நம்பரையும் மாசா மாசம் பாருங்க, கண்ணுக்கு அப்படியே இருக்கிற ஜெல்லுல சத்து பாதியா குறைஞ்சிருக்கும். கிருமி எண்ணிக்கையும் கடைசியில ஒரு தடவை.

நல்லா வந்திருக்கு, ட்யூப்ல அடைச்சு ஆன்லைன்ல விக்கலாமா? இயற்கை தானே, லைசன்ஸ் எதுக்கு?

இயற்கைங்கறது விதிவிலக்கு இல்ல. முகத்த சுத்தமா வைக்கும், பொலிவு தரும்னு மட்டும் சொன்னா காஸ்மெட்டிக், 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் படி மாநில அதிகாரிகிட்ட உற்பத்தி லைசன்ஸ் வாங்கணும். பருவ குணப்படுத்தும்னு எழுதின நிமிஷமே அது மருந்து. சித்தா அல்லது ஆயுர்வேத ப்ரொப்ரைட்டரி மருந்தா போகணும்னா சேர்க்குற மூலிகை எல்லாம் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கிற நூல்கள்ல சொல்லியிருக்கணும், தயாரிக்கிற இடம் ஷெட்யூல் டி (Schedule T) படி இருக்கணும். வீட்டு கிச்சன்ல பண்ணி இன்ஸ்டாகிராம்ல விக்கிறது இது எதுலயும் வராது.

மேடம், நான் ஃபார்மசி எல்லாம் படிக்கல. என் பொண்ணுக்கு 15 வயசு, முகம் பூரா பரு. இதுல எத வீட்ல பண்ணிக் குடுக்கட்டும்?

அம்மா, ஜெல் வீட்ல பண்ண வேண்டாம், பூஞ்சை விஷயம் மேலயே சொல்லியிருக்கேன். எலுமிச்சை சாறு பூசிட்டு வெயில்ல அனுப்பாதீங்க, தோல் வெந்து கருந்தழும்பு விழும், கார்போக அரிசியும் அதே மாதிரி தான். டீ ட்ரீ ஆயில நேரா பூசாதீங்க, காது பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டு தான் எந்த புதுப் பொருளும் முகத்துக்கு. கடையில யாரோ எடுத்துக் குடுக்குற சிவப்பழகு க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்கலாம், முதல் வாரம் பளிச்சுன்னு ஆகும், விட்டதும் பரு ரெண்டு மடங்கா வரும்.

லேசான பரு தான்னா ரெண்டு வேளை சாதாரண ஃபேஸ் வாஷ், கிள்ளாம இருக்கிறது, இது போதும். உள்ள கட்டியா வலிக்குது, குழி விழுது, மாதவிடாயும் ஒழுங்கா வரலன்னா தள்ளிப் போடாம தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அரசு மருத்துவமனை தோல் பிரிவுல இலவசமாவே பாக்குறாங்க. குழி விழுந்த அப்புறம் அத எந்த ஜெல்லாலயும் நிரப்ப முடியாது.